மேடையில் நம்மவர்

முத்தமிழுள் நாடகமும் ஒன்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அந்த மூன்றாம் தமிழில் நம் மக்களுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. ஊர்த் திருவிழாவில் கூத்துத் தொடங்குமுன் பறை முழக்கியவர் நம்மவர். களரிக்குக் கால் நட்டுக் கீற்று வேய்ந்தவர் நம்மவர். விடிய விடிய விழித்திருந்து, பல ஊர்களில் எட்டி நின்று பார்த்தவரும் நம்மவரே. ஆயினும் களரியில் நடந்த கதை நம்முடைய கதையாக இருந்ததில்லை.

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், படிப்புதவியையும் விடுதியையும் பற்றி எழுதாமல் நாடகத்தைப் பற்றி எழுதுவானேன் என்று உறுப்பினர் சிலர் கேட்கக்கூடும். வெள்ளிவிழா நிதியில் ஒரு சிறு பகுதியைப் புதிய நாடகம் ஒன்றை எழுதுவிப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள். அவ்வேண்டுகோளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதனை இளைஞர்கள் அறிந்த பின் முடிவு செய்வது நன்று.

நாடகம் தானாக முளைப்பதன்று. அதனை வேண்டுவோரும் அதற்குப் படியளப்போரும் என்றும் இருந்திருக்கின்றனர். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க வேண்டுமென இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகிறது. இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை மணலி முத்துக்கிருட்டிண முதலியார் ஆதரித்தார். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் வழங்கினார். அந்நிலம் இன்றும் குறவஞ்சிமேடு என்றே வழங்கப்பெறுகிறது. ஆரணியில் வாழும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பட்டு நூலும் சரிகையும் முன்பணமும் தந்து, 'இன்ன நிறத்தில், இன்ன கரையில் புடவை வேண்டும்' என்று ஒருவர் சொன்னால்தான் குழித்தறியில் பாவு ஏறுகிறது. நாடகத் தறியில் பாவு ஏற்றச் சொன்னவர் அரசரும் மடத்தாரும் செல்வருமே. ஆதலின் நெய்யப்பெற்றதும் அவர்கள் விரும்பிய புடவையே.

அவர்கள் நம்மைப் போன்ற மக்களை முற்றிலும் மறந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. குறவஞ்சியில் குறத்தி வருகிறாள். பள்ளு நூல்களில் பள்ளனும் பள்ளியரும் வருகின்றனர். ஆனால் எதற்காக வருகின்றனர்? குறத்தி, தலைவி காதல் கொண்ட பெருமானின் புகழ் பாட வருகிறாள். முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்வது காண்போர்க்கு நகைச்சுவை. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டித் தண்டிப்பதும் அந்த நகைச்சுவையோடு சேர்ந்தே போகிறது. நெல்லின் பெயர்களையும் மாட்டின் பெயர்களையும் மீனின் பெயர்களையும் அவ்வளவு நுட்பமாக அறிந்திருந்த புலவருக்கு, தொழுவில் மாட்டப்பெற்றவனின் கால் வலித்திருக்கும் என்பது தோன்றவில்லை. இஃது அப்புலவரை இழித்துரைப்பதற்காகச் சொன்னதன்று. நூலைக் கேட்டவர் பண்ணைக்காரர். கேட்டவர்க்கு ஏற்றபடி நூல் அமைந்தது.

இவ்வரிசையில் ஒரு பெரிய திருப்பமாக வந்ததே கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. இதனைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மேடையில் நம் மக்களுக்குக் கிடைத்த ஒரே பெருந்தலைவன் நந்தனே.

நந்தனாரைச் சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் எனப் பெயரளவில் சுட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அவர் வரலாற்றைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். சேக்கிழார் காட்டும் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்தவர். கோயில்களின் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர். இச்செய்தியை நம் இளைஞர்கள் கருத்தில் இருத்த வேண்டும். உள்ளே ஒலித்த இசைக்கருவிகளை ஒலிக்கச் செய்தவர் அவர். அந்த ஒலியை அருகிருந்து கேட்கும் உரிமைதான் அவருக்கு இல்லை. திருப்புன்கூரில் நந்தி விலகியதும், தில்லையில் அவர் தீயினுள் புகுந்து பூணூல் அணிந்த முனிவராய் எழுந்ததும் சேக்கிழார் கூறியவை. ஆனால் நந்தனாருக்கு ஓர் ஆண்டை இருந்ததாகச் சேக்கிழார் ஓரிடத்தும் கூறவில்லை.

ஆண்டையைப் படைத்தவர் பாரதியார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்து, 1896-இல் மறைந்தவர் அவர். காவிரி வடிநிலத்தின் பண்ணைகளைக் கண்ணால் கண்டவர். அவருடைய நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக விடை கேட்கிறான், மறுக்கப்பெறுகிறான், மீண்டும் கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஓரிரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சிவகணங்கள் வந்து முடித்துக் கொடுக்கின்றன. பிறகு வேதியரே நந்தன் காலில் விழுகிறார். விடுப்புக் கேட்டுக் கைகட்டி நிற்கும் பண்ணையாள் ஒருவன் தமிழ்ப் பாட்டின் நடுவிடத்திற்கு வந்தது பெரிய செய்தி என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொழுவில் மாட்டப்பெற்ற பள்ளனின் வலி முதன்முதலாகக் கேட்போரின் காதில் விழுந்தது அங்கேதான் என்பது எம் கருத்து.

அந்நூலுக்கு நேர்ந்த வரவேற்பும் அறியத்தக்கது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சிறப்புப்பாயிரம் தருவதற்கு முதலில் தயங்கினார் என்பதையும், இலக்கண வழுக்கள் அவருக்குத் தடையாய் இருந்தன என்பதையும், பின்னர் இசைந்து அளித்தார் என்பதையும் அவர் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். நூல் அச்சேறியது 1861-ஆம் ஆண்டளவில்; துணை நின்றவர் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே என்பவர். ஒரு பண்ணையாளின் கதை அச்சேறுவதற்கு அயல்நாட்டு அதிகாரி ஒருவர் துணை தேவைப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

கதாகாலட்சேபமாகப் பிறந்த நந்தன் கதை, நாடகக் கம்பெனிகளின் மேடையேறி, அங்கிருந்து திரைக்கும் சென்றது. 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாருக்கு அளிக்கப்பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய்; அந்நாளில் நாடே வியந்த தொகை. வேதியராக நடித்தவர் இசைவாணர் மகாராசபுரம் விசுவநாத ஐயர். 1942-இல் செமினி நிறுவனம் எடுத்த படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனார் ஆனார். இசையுலகின் முதல்வரிசையினர் எல்லாம் பண்ணையாள் வேடம் பூண்டனர். அந்த மேடையிலும் திரையிலும் நந்தனின் குரலாக ஒலித்தது எப்போதும் பிறர் குரலே.

சிரிப்பின் வழியாக இக்கதையைத் திருப்பிக் காட்டியவர் கலைவாணர் என். எசு. கிருட்டிணன். உடுமலை நாராயணகவி எழுதிய கிந்தனார் கதாகாலட்சேபத்தை அவர் நிகழ்த்தினார். 1949-இல் வெளிவந்த நல்லதம்பி திரைப்படத்திலும் அஃது இடம்பெற்றது. நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான். கிந்தன் படிப்பதற்காகப் பட்டணம் போகத் துடிக்கிறான். போய்ப் படித்துப் பள்ளிக் கண்காணிப்பாளராகத் திரும்பி வருகிறான். கல்விக் கழகத்தின் மலரில் எழுதும் நாம் இதனைச் சற்றுப் பெருமிதத்தோடு குறிப்பிடுகிறோம். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்வரை ஊர் ஒலிபெருக்கிகளில் கிந்தனார் இசைத்தட்டைக் கேட்டுச் சிரித்த பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். அவர்களுள் எத்தனை பேர் அந்தச் சிரிப்பினிடையே தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தார்களோ!

நம்மவருள்ளும் நந்தனை வேறு கண்ணால் நோக்கியவர் இருந்தனர். 1907-இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், நந்தனைப் புத்தநெறி சார்ந்த ஒரு மன்னனாகக் கண்டு எழுதினார். தில்லை வாயிலில் ஏங்கி நின்றவன் என்னும் வடிவம் நம் மக்களுக்குப் பிறர் தைத்துக் கொடுத்த சட்டை என்பது அவர் எண்ணம். அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய ஆராய்ச்சி நூலை நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்குப் படையலாக்கினார். மராட்டிய மண்ணில் இருந்து எழுதிய அப்பெருமகன் தென்னாட்டு நந்தனை முதற்கண் நினைத்தது நம் நெஞ்சைத் தொடுவது.

பிற்காலத்தில் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்னும் நாடகத்தை எழுதினார். அதில் எரியும் தீ இறைவன் மூட்டிய தீயன்று. சூழ்ச்சி செய்தோர் மூட்டிய தீ. 1968 திசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நால்வர் எரிக்கப்பெற்ற நாட்டில், அத்தீயை இனி அருட்சோதி என்று எவ்வாறு பாடுவது? அந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு 'குருதிப்புனல்' என்னும் புதினத்தை எழுதியவரும் அவரே.

ஈண்டு ஒன்றை இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நந்தன் தீயில் முடிகிறான். நம்மவர் வளர்த்த பிள்ளையாகக் கதைப்பாடல் கூறும் காத்தவராயன் கழுமரத்தில் முடிகிறான். சக்கிலியர் குடியில் வளர்ந்த மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பெற்று முடிகிறான். 1956-இல் அவன் கதை திரைப்படமாகி நாடெங்கும் ஓடியது. கூத்திலும் நாடகத்திலும் திரையிலும் நம் மக்களிடையே தோன்றிய வீரன் இறுதிக் காட்சியில் உயிரோடு இருப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. வீரம் மிக்கவனாக இருந்தால் அவன் பிறப்பையே மாற்றிவிடுகின்றனர். காத்தவராயன் சிவனின் மகன். மதுரைவீரன் காசி அரசனின் மகன். நம்மவர் அவர்களை எடுத்து வளர்த்தவர் மட்டுமே. வீரம் நம் குடிசையில் பிறக்கும் என்று எழுத ஒரு கையும் துணியவில்லை.

நம் பகுதிக் கூத்துக்கு வருவோம். ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரம் தெருக்கூத்தின் வடபாணிக்குத் தாயகம். செய்யாற்றுப் பகுதியிலுள்ள புரிசை, கண்ணப்பத் தம்பிரான் மரபினால் உலகப் புகழ் பெற்றது. 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை கண்ட ந. முத்துசாமி தம் நாடகக் கலைக்கு ஊற்றாகக் கொண்டது இவ்வட்டாரக் கூத்தையே. ஆடிமாதம் பிறந்துவிட்டால் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும் கூத்தாடுவதும் படுகளம் அமைப்பதும் நாம் அறிந்தவை. கட்டை கட்டி ஆடும் ஜமாக்களில் பல சாதியாரும் உளர், நம்மவரும் உளர். கருணனும் துரியோதனனும் அருச்சுனனும் நம் தெருப் பிள்ளைகளுக்கு உறவினர் போன்றவர்.

அந்தக் கூத்துகளில் நம்மவன் வருவது அரிச்சந்திரன் மயான காண்டத்தில். அரசன் அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிச் சுடலை காக்க வைப்பவன் வீரபாகு. நம் பகுதியில் இடுகாட்டு வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் கல் நட்டிருப்பதும், பாடை அங்கு நிற்பதும் இன்றும் காணலாம். ஓரிரவு முழுதும் சக்கரவர்த்தி ஒருவன் நம்மவனுக்கு ஏவல் செய்கிறான். ஆயினும் அதனை வீரபாகுவின் நாடகம் என்று எவரும் சொல்வதில்லை. அரசன் எவ்வளவு தாழ்ந்துவிட்டான் என்று காட்டுவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அந்த அளவுகோலே வீரபாகு. சுடலைக் காவலே தலைமுறைத் தொழிலாகிவிட்ட மனிதன் எப்படி வாழ்ந்தான், அவன் மனைவி மக்கள் என்ன உண்டனர் என்பன கூத்தில் வாரா.

இனி நாம் சொல்ல வந்த பெரியாரைப் பற்றிச் சொல்வோம்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890 சனவரி 27-ஆம் நாள் முனுசாமி என்னும் பிள்ளை பிறந்தான். கமண்டல நாகநதிக் கரையின் நெல்லும் தறியும் பார்த்து வளர்ந்த எண்ணற்ற ஏழைப் பிள்ளைகளுள் ஒருவன். திண்டிவனத்தில் கிறித்தவச் சமயத் தொண்டர் நடத்திய பள்ளியில் படித்தான். மதம் மாற இசையாமையால் படிப்பு இடையில் நின்றது. பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பத்தோடு கோலார் தங்கவயலுக்குச் சென்றான். வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாய்ச் சென்று பொன் தோண்டிய காலம் அது. பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் தமிழும் சமய நூலும் கற்றுத் துறவியானான். சகசானந்தர் என்னும் பெயர் அங்குக் கிடைத்தது.

1910-இல் அவர் சிதம்பரம் சென்றார். நந்தன் போன அதே ஊர். ஆனால் சென்ற வழி வேறு. தில்லை வாயிலில் நின்று உருகவில்லை; ஓமக்குளத்தருகே நந்தனார் பெயரால் மடம் அமைத்தார். 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, சின்னஞ்சிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அந்தப் பள்ளி வளர்ந்து உயர்நிலைப் பள்ளியாயிற்று. விடுதிகள் எழுந்தன, பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டாயிற்று. சட்டமன்றத்திலும் பல்லாண்டுகள் உறுப்பினராய் இருந்து கல்விக்காகவும் நிலத்துக்காகவும் பேசினார். 1959 மே 1-ஆம் நாள் மறைந்தார். சிதம்பரத்தில் நந்தனார் பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. தென்னார்க்காட்டிலும் தஞ்சையிலும் முதல் தலைமுறையாக எழுதப் படிக்கக் கற்றுப் பணிக்குச் சென்ற நம் குடும்பங்கள் பலவற்றின் கதை அப்பள்ளித் திண்ணையில்தான் தொடங்குகிறது.

நந்தன் தில்லையுள் புகத் தீயில் இறங்க வேண்டியிருந்தது. நம்மூர் முனுசாமி தில்லையில் ஒரு பள்ளியைத் திறந்து நுழைந்தார்; நுழைந்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் உயிரோடு அங்கே வாழ்ந்தார். இந்தக் கதை எந்த மேடையிலும் நிலைத்திருக்கவில்லை. மேல்புதுப்பாக்கத்தைக் கடந்து நாள்தோறும் பேருந்தில் போகும் நம் கல்லூரி மாணவர் பலர்க்கு அவர் பெயரே தெரியாது. நந்தனார் பாட்டை முணுமுணுக்கத் தெரியும். நந்தனார் பள்ளியைக் கண்டவரைத் தெரியாது. பாட்டை எழுதுவிக்க ஆள் இருந்தது. பள்ளியைப் பாட ஆள் இல்லை.

கல்விக் கழகத்துக்கும் நாடகத்துக்கும் என்ன தொடர்பு என்பார்க்கு மராட்டியத்தில் விடை இருக்கிறது. அங்கே 1930-களிலேயே அம்பேத்கர் இயக்கத்தின் கருத்துகளைச் சல்சா என்னும் பாட்டுக்கூத்தாக ஊரூராய்க் கொண்டு சென்ற குழுக்கள் இருந்தன. அண்ணல் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் அந்நாளில் அவுரங்காபாத் எனப்பெற்ற நகரில் மிலிந்தர் கல்லூரியை நடத்தியது. அதன் முதல்வர் சிட்னிசு, மாணவர் நடிப்பதற்காக 'யுகயாத்திரை' என்னும் நாடகத்தை எழுதினார். இராமாயண காலம் முதல் தம் காலம் வரை தீண்டாமை நடந்து வந்த வழியை அது காட்டியது. 1950-களின் நடுவில் அம்பேத்கர் முன்னிலையில் அது நடிக்கப்பெற்றது. கட்டடமும் நூலகமும் ஆய்வுக்கூடமும் கட்ட வேண்டியிருந்த வறிய கல்லூரி அது. அதற்கும் நாடகம் எழுத நேரம் இருந்தது. அவ்விதையிலிருந்து மராட்டியத்தில் தலித் நாடகம் தனித்துறையாக வளர்ந்தது. பிரேமானந்த கச்வி 1977-இல் எழுதிய 'ஒரு மிடறு தண்ணீர்' என்னும் பொருள்படும் ஓரங்க நாடகத்திற்கு இரண்டு நடிகரே போதும்; திரையும் வேண்டா, விளக்கும் வேண்டா.

கடல் கடந்த நாட்டிலும் இதுவே நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவருள் ஒருவராகிய து பாய்சு, தாம் நடத்திய 'கிரைசிசு' இதழின் வாயிலாக 1925-இல் நாடகப் போட்டி வைத்துப் பரிசளித்தார். வெள்ளையர் முகத்தில் கரிபூசிக் கறுப்பரைப் போல் நடித்துச் சிரிக்க வைத்த மேடைகளே அந்நாட்டில் மிகுதி. அதற்கு மாற்றாகத் தம் மக்களைப் பற்றி, தம் மக்களே எழுதி, தம் மக்களுக்காக, தம் மக்கள் குடியிருப்பின் அருகிலேயே நடிக்கப்பெறும் நாடகம் வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியில், ஒரு பொது நூலகத்தின் நிலவறையில் அவர் அமைத்த குழு நடித்தது. நம் நாட்டிலும், குற்றப்பரம்பரையினர் என முத்திரை குத்தப்பெற்ற சாரா இனத்து இளைஞர்கள் அகமதாபாத்தில் 1998-இல் ஒரு சிறு நூலகத்தைச் சுற்றியே 'புதன் நாடகக் குழு'வைத் தொடங்கினர். வங்காளத்தில் காவலில் இறந்த புதன் சபர் என்னும் பழங்குடி இளைஞனின் பெயர் அது. நூலகமும் நாடகமும் ஒன்றாய்ப் பிறந்த இவ்விரு செய்திகளும் நம் கழகத்தின் படிப்பகத்தில் மாலையில் கூடும் இளைஞர்களுக்காகவே இங்குச் சொல்லப்பெற்றன.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடி முனைவர் கே. ஏ. குணசேகரன். 1955-இல் பிறந்து 2016-இல் மறைந்த அவர், 'வடு' என்னும் தன்வரலாற்றை எழுதியவர். தன்னானே கலைக்குழுவை நடத்தியவர். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை ஊரூராகப் பாடிப் பரப்பியவர். அவருடைய 'பலி ஆடுகள்' தமிழின் முதல் தலித் நாடகம் எனப் போற்றப்பெறுகிறது. ஒடுக்கப்பட்ட ஆணைக் காட்டுவதோடு நில்லாமல், அவனாலும் ஒடுக்கப்படும் பெண்ணையும் அது காட்டியது. நமக்குள்ளேயே நாம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டதால் சிலருக்கு அது கசந்தது, கசக்கத்தான் வேண்டும். கேட்டு எழுதுவித்த நாடகங்களுக்கும் சான்று உண்டு. நாடக இயக்குநர் அ. மங்கைக்காகக் கவிஞர் இன்குலாப் எழுதிய 'ஔவை', ஔவையை முதிய கிழவி என்னும் கூட்டிலிருந்து விடுவித்துப் பாணர் குலத்துப் பெண்ணாக மேடையேற்றியது. 2017-இல் சென்னைக் காமராசர் அரங்கில் நிகழ்ந்த 'மஞ்சள்', கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றியது. செயராணி எழுத, சிரீசித் சுந்தரம் இயக்கினார்.

இவையெல்லாம் பெருநகரங்களில் நிகழ்ந்தன. ஆரணிக்கு எப்போது வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நம் பிள்ளைகள் ஆண்டு விழாவில் என்ன நடிக்கின்றனர் என்பதை உறுப்பினர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கட்டபொம்மன் வேடம் உண்டு. பாரதி வேடம் உண்டு. பொதுப் பள்ளி ஒன்றில் நந்தனார் நாடகம் போட்டால் அவ்வேடத்துக்கு நம் தெருப் பையனைத் தேடுவர். அரையில் கந்தையைச் சுற்றிக் கைகட்டிக் குனியச் சொல்வர். அவன் மேடையை விட்டு இறங்கிய பின்னும் உடன் படிப்போர் அவனை அப்பெயராலேயே அழைப்பர். வேடம் கலைத்தாலும் பெயர் கலைவதில்லை.

ஆதலின் எம் வேண்டுகோள் இதுதான். சுவாமி சகசானந்தரைப் பற்றி ஒரு நாடகம் எழுதுவிக்க வேண்டும். மேல்புதுப்பாக்கம், திண்டிவனம், தங்கவயல், வியாசர்பாடி, சிதம்பரம் என ஐந்து களங்கள் தாமாகவே அமைந்து கிடக்கின்றன. எழுதுவோர் நம்மவராய் இருப்பின் மகிழ்ச்சி. அல்லாதவராயினும் தடையில்லை, ஆனால் எழுதுமுன் நம் தெருக்களில் சில திங்கள் தங்க வேண்டும். பொன்வயல் சென்று மீண்ட குடும்பங்களின் வழிவந்தோரைக் கண்டு பேச வேண்டும். முடித்ததும் முதற்படியைப் படிப்பகத்தில் பெரியவர்கள் முன் வாய்விட்டுப் படிக்க வேண்டும்; அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்த வேண்டும். கூலியை முன்பணமாகப் பாதி கொடுத்துவிட வேண்டும். தறிக்காரரின் வருத்தம் அறிந்த நாம் எழுத்தாளரின் கூலியை இழுத்தடிக்கலாகாது.

அவர் வாழ்வைப் புராணமாக்கி நந்தி விலகும் காட்சியை நுழைத்துவிட வேண்டா. பள்ளிக்காக அவர் வீடுவீடாய்ச் சென்றதும், தம் மக்களே சில வேளை பிள்ளையை அனுப்ப மறுத்திருக்கக்கூடியதும் காட்சியாகட்டும். அவரோடு உழைத்த பெயர் தெரியாத பெண்கள், விடுதியில் உலை வைத்தவர்கள், பேசட்டும். இறுதிக் காட்சியில் அவர் இறக்க வேண்டிய தேவை இல்லை. வகுப்பறையில் முடிக்கலாம்.

செலவுக்கு அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். படிப்புதவி பெறும் ஒரு பிள்ளையின் பங்கையும் இதற்காகக் குறைக்க வேண்டுவதில்லை. வெள்ளிவிழா மேடைக்கும் ஒளியலங்காரத்துக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் தொகையில் பாதி போதும். வந்திருக்கும் பெருமக்கள் பொன்னாடைக்கு மாறாக ஆரணிப் பட்டுத் துண்டு ஒன்றோடு நிறைவு கொள்வர் என நம்புகிறோம்.

கூத்தின் அடவும் பறையின் அடியும் தெரிந்த இளைஞர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் கையில் இருப்பதைக் கொண்டே நாடகத்தை அமைக்கலாம். கட்டியங்காரன் உள்ளே வந்து தங்கவயலின் சுரங்க மேலாளனைக் கேலி செய்வதை எண்ணிப் பார்த்தாலே நமக்குச் சிரிப்பு வருகிறது.

முதல் அரங்கேற்றம் மேல்புதுப்பாக்கத்திலேயே நிகழ வேண்டும். அவர் பிறந்த சனவரி 27-ஆம் நாளிலேயே நிகழ வேண்டும். அது தைத் திங்கள், முகூர்த்தக் காலம், தறிகள் ஓய்வதில்லை. நாடா நின்று, கூலிக்காரர் கைகால் கழுவிச் சோறுண்டு வர இரவு ஒன்பது மணியாகிவிடும். அதன் பிறகு தொடங்குவோம்.